லெலண்டின் வலது தோள்

ஹலோ... ஹலோ... ஆமா அத்தை, மாரென்தான் பேசறேன்... இல்ல, உங்க பையன் பக்கத்துல இல்ல. வெளியில இருக்காரு... ஆமா, ஆமா. டிவில சொன்னது சரிதான். தோள்... வலது தோள்... அத்தை, அழாதீங்க. முதல்ல கொஞ்சம் மூச்சு விடுங்க.

... அய்யோ, எலும்பெல்லாம் ஒண்ணும் முறியல. சதைப் பிடிப்புன்னு வெச்சுக்குங்களேன்... டாக்டரா? டாக்டர்... ஓய்வெடுக்கணும்னாரு. வேற என்ன சொல்வாரு?... அது எப்படி பட்டுச்சுன்னு எனக்கெப்படித் தெரியும் அத்தை? பயிற்சியில பட்டிருக்கும்.

... ஆமா, பயிற்சியில சிவப்புச் சட்டைதான் போட்டிருந்தாரு... தெரியும். பந்தை எறியற குவார்ட்டர்பேக்குக்குத்தான் அந்தச் சிவப்பு, அதைப் போட்டவரை எவனும் தொடக்கூடாது, இடிக்கக்கூடாது. தெரியும் அத்தை, நானும் இந்த வீட்லதானே குப்பை கொட்டறேன்... யாரும் இடிக்கல! யாரையும் போய்த் திட்டாதீங்க... சரி, தூங்கறப்போ சுளுக்கிக்கிச்சோ என்னவோ!

... ம்... ம்... ஆமா, முதல் குவார்ட்டர்பேக் பிரானக்குக்கு முழங்கால் போச்சு. இந்த சீசன் முழுக்க அவன் எழுந்திருக்க மாட்டான்... ஆமா, முதல் ஆள் விழுந்தா ரெண்டாவது ஆளான இவருதான் இறங்கணும். நியாயம் அதுதான்... இவருக்குப் பதிலா யாரா? ஒரு கிழவரைப் பிடிச்சிட்டு வந்திருக்காங்க. ஆட்டமே வேணாம்னு ஓய்வு வாங்கிட்டு ஏரியில மீன் பிடிச்சிட்டிருந்த மனுஷன். தொப்பையைத் தூக்கிட்டு வந்து நிக்கறாரு... ஆமா. ஞாயித்துக்கிழமை அவருதான் ஆடப்போறாரு.

... எத்தனை பேரு?... சர்ச் வேன் முழுக்கவா? நெப்ராஸ்காவுலேர்ந்து இங்க வரைக்கும் வேன்லயா, இந்தப் பனியில?... பாஸ்டருமா?... முதுகுல லெலண்ட் பேரு போட்ட சட்டை எல்லாருக்கும் தைச்சாச்சா... அடக் கடவுளே... இல்ல, இல்ல, ஒண்ணும் சொல்லல. நல்லா இருக்கும். நிறம் எடுப்பா இருக்கும்.

... என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே... ஓ, அந்தத் தொப்பு தொப்பா? பக்கத்து வீட்ல ஏதோ மரவேலை நடக்குது... ஆமா, பனியிலதான் பண்றாங்க. அவங்க அப்படித்தான்.

... அதிர்ஷ்டம் கெட்ட பிள்ளையா? ம்... ம்... அத்தை, அப்படிச் சொல்லிச் சொல்லியே... இல்ல, விடுங்க.

... என்ன சொன்னீங்க?... நான் சரியா கவனிச்சுக்கலையா? நானா?... எண்ணெயில பொரிச்சதைப் போட்டுப் போட்டுத்தான் தோள்ல பலம் போயிடுச்சா? அத்தை, வார்த்தையை அளந்து பேசுங்க... நீங்க பேசினதும் போதும், நான் மூடி மறைச்சதும் போதும். கேளுங்க. அந்தத் தொப்பு தொப்பு இன்னும் கேக்குதில்ல? அது மரவேலை இல்ல. உங்க பையன். தோட்டத்துல வலையைக் கட்டி பந்தை எறிஞ்சிட்டிருக்காரு. எந்தக் கையாலன்னு கேளுங்க... கேளுங்க அத்தை!

... வலது கையாலதான்! நான் ஜன்னல்கிட்டதான் நிக்கறேன். என்னமா போவுது தெரியுமா பந்து! ஒரு ஆட்டமும் ஆடாம அப்படியே புதுசா வெச்சிருக்கற தோள் அது. அதுக்கு ஒரு கேடும் வரல.

... பொய் சொல்றேனா? நான் ஏன் பொய் சொல்றேன்? இவ்வளவு நேரம் சொன்னேனே, அதுதான் பொய்... கோச் எங்க ஒதுக்கினாரு? நீங்களும் அந்த மனுஷனைத் திட்டாதீங்க. பிரானக் விழுந்த மறுநாள் இவரைக் கூப்பிட்டு, தோள்ல கையைப் போட்டு, "லெலண்ட், இனிமே டீம் உன்னோடது"ன்னு சொல்லியிருக்காரு. இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? அந்தக் கை பட்ட இடத்தையே பிடிச்சுக்கிட்டு "ஆ"ன்னாரு. அவ்வளவுதான்! கோச் பயந்து போய்க் கையை எடுத்துட்டாரு. அங்க பிறந்ததுதான் இந்தத் தோள்வலி.

... எனக்கு யாரு சொன்னா? இவரேதான் சொன்னாரு. பாத்திரம் கழுவிட்டிருந்தேன், பின்னாடி வந்து நின்னு சொன்னாரு. "மாரென், நான் ஆடாத வரைக்கும்தான் நல்ல ஆட்டக்காரன். ஒருநாள் இறங்கினா ஊருக்கே தெரிஞ்சு போயிடும்"னாரு. கையில இருந்த தட்டை அப்படியே போட்டுட்டேன்.

... பயமெல்லாம் எல்லாருக்கும் இருக்கும். எனக்கில்லையா? ஆனா டிவில கோட்டு போட்டு உக்காந்திருக்கறவன் எல்லாம் என்ன சொல்றான்? "லெலண்ட் மாதிரி ஒரு மாத்து ஆள் ஒவ்வொரு டீமுக்கும் வேணும், பொறுமைன்னா அவன்தான்"ங்கறான். நானும் அதைக் கேட்டுக் கேட்டுப் பூரிச்சுப் போய் உக்காந்திருந்தேன். பொறுமையாம் பொறுமை! வாரா வாரம் எதிர் டீம் குவார்ட்டர்பேக் எவனோ, பயிற்சியில அவனை மாதிரியே ஆடிக் காட்டணும், நம்ம பசங்க அதைப் பாத்துப் பழகிக்கணும். அதுதானே இவரு வேலை? அவன் நடை, இவன் கத்தல், எல்லாம் அச்சு அசலா வரும் இவருக்கு. ஊர்ல இருக்கறவனை எல்லாம் ஆடிக் காட்டின மனுஷன், தன்னை ஆடிக் காட்டுன்னா தோளைப் பிடிச்சிக்கறாரு.

... நான் பேசாம எப்படி இருக்கறது? நல்லா ஓடிட்டிருந்த நர்ஸ் வேலையை விட்டுட்டு இவரு பின்னாடி ஊர் ஊரா வந்தேன். அந்தக் குளிர்ல, ஸ்டேடியத்துல, மத்தவன் பொண்டாட்டி எல்லாம் எழுந்து எழுந்து கத்தறப்போ நான் காப்பிக் கோப்பையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். பிரானக் கீழ விழறப்பல்லாம் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இதோ நம்மாளு எழுந்திருப்பாரு, இதோ தொப்பியைக் கழட்டிட்டு ஹெல்மெட் போடுவாருன்னு... ஆமா. அங்க மைதானக் கோட்டுக்கு வெளியில நின்னுக்கிட்டிருந்த இவருக்கும் படபடன்னுதான் அடிச்சிருக்கு அத்தை. "எழுந்திருடா, எழுந்திருடா"ன்னு பிரானக்குக்காக வேண்டிக்கிட்டு நின்னிருக்காரு. இத்தனை வருஷமா ஒரே நேரத்துல ரெண்டு பேரும் வேண்டியிருக்கோம். இதுவரைக்கும் அவரு வேண்டினதுதான் பலிச்சிருக்கு.

... ம்... ம்... என்னது?... மறுபடி சொல்லுங்க... வேன்ல வர்றவங்ககிட்ட தோள்வலின்னே சொல்லிடலாமா? நீங்களுமா!... பாஸ்டர் முகத்துல எப்படி முழிக்கறதா? நான் அந்தக் கிழவர் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிக்கறது? நேத்து அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க வீட்டுக்காரர் சீக்கிரம் குணமாகணும், எங்க ஆளுக்கு இனிமே அடி தாங்காது"ன்னு கண்ணு கலங்கறாங்க. அடி வாங்கப் போறது அவரு அத்தை. வேணாம்னு போன மனுஷன் திரும்பி வந்து அடி வாங்கப் போறாரு, தோள் நல்லா இருக்கறவரு வெளியில நின்னு கைதட்டப் போறாரு.

... இருங்க. உள்ள வர்றாரு... பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க லெலண்ட், வீடெல்லாம் பனி!... உங்கம்மாதான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்... ஆமா, எல்லாத்தையும்தான். முறைக்காதீங்க... இந்தாங்க, ஸ்பீக்கர்ல போடறேன். ரெண்டு பேரும் பேசுங்க, நானும் கேக்கணும்.

... அத்தை! என்ன கேக்கறீங்க நீங்க? "ரொம்ப வலிக்குதாடா கண்ணா"வா? இவ்வளவு நேரம் நான் சுவத்துக்கா சொல்லிட்டிருந்தேன்?

... லெலண்ட், வேணாம். அம்மாகிட்டயாவது நெஜத்தை... "ஆமாம்மா, ரொம்ப வலிக்குது"ங்கறீங்களா? நல்லா இருக்கு! கோச்கிட்ட சொன்ன அதே பொய்... என்ன... ஏய், என்ன இது?... லெலண்ட்? உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல... அத்தை, கொஞ்சம் இருங்க.

... ஒண்ணுமில்ல. அழறாரு... ஆமா. தேம்பித் தேம்பி அழறாரு. நான் பாத்ததே இல்ல இப்படி... தெரியல. நான் என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியல... தலையைத் தூக்க மாட்டேங்கறாரு.

... நீங்களா? வேன் வேணாம், நீங்க மட்டும் வர்றீங்களா? நாளைக்கே கிளம்பியா?... தைலம் தேய்ச்சு, கோஸும் கறியும் வெச்ச பன் பண்ணிக் கொடுத்து, சரியாகற வரைக்கும் கூடவே இருக்கறீங்களா...

... வேணாம் அத்தை. கோவத்துல சொல்லல, நெஜமா சொல்றேன். வராதீங்க. நீங்க வந்து தடவிக் கொடுத்தீங்கன்னா அது தோள்வலியாவே ஆயிடும்... வெச்சிடறேன்.