முதன்மைப் பாடத்தைப் பறித்தோர் முன்னிலையில்

பொருளியலைப் பொழுதுபோக்காக அன்றிப் போராட்டமாகப் போதித்த பேராசிரியப் பெருந்தகையீர்! அஞ்சாத நெஞ்சும் அயராத கால்களும் கொண்ட எங்கள் துறைத் தலைவியீர்! எந்தப் பதிலுக்கும் அடுத்த கேள்வி வைத்திருந்ததால் மாணவர் வாயில் ‘ஏன் மேடம்’ என்றே பெயர் பெற்றவரே! வணக்கம்.

பணி நிறைவு நாளில் மகிழ்ந்து வாழ்த்துவதே மரபு. எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை; வயிறு எரிகிறது. “வாழ்த்து மடல்ல ஆலை விவகாரத்தை எழுதாதீங்க. நல்ல நாள் அதுவுமா நல்லதை மட்டும் எழுதுங்க” என்று நேற்று கல்லூரி முதல்வர் எங்களை அழைத்துச் சொன்னார். நல்லதை மட்டுமே எழுதியிருக்கிறோம். முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆட்சிக்குழுப் பெரியோர் பொறுமையோடு கேட்கட்டும்!

இளங்கலை இரண்டாம் ஆண்டில் உழைப்புச் சந்தை பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். வேலை பிடிக்காத தொழிலாளி வேறிடம் போய்விடுவார், ஆகவே முதலாளி தானே இறங்கி வருவார் என்றது பாடநூல். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். “எங்கம்மா பதினோரு வருஷமா அதே ஆலையில தைக்கிறாங்க மேடம். தினமும் திட்டிக்கிட்டேதான் போறாங்க. ஆனா வேற எங்கயும் போகலையே?”

வேறொருவராய் இருந்தால், தேர்வுக்கு வராது, உட்கார் என்றிருப்பார். தாங்களோ நூலை மூடினீர்கள். “ஏன் போகல? எனக்கும் தெரியாது. போய்க் கேட்டுட்டு வாங்க” என்றீர்கள்.

மாணவர்கள் போனார்கள். ஆலை விட்டு வரும் பெண்களோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வீடுகளில் அடுப்படி வாசலில் அமர்ந்து பேசினார்கள். கழிப்பறைக்குப் போகவும் மேற்பார்வையாளரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்றறிந்தார்கள். ஓர் ஆலையை விட்டு விலகியவரை அக்கம்பக்கத்து ஆலை எதுவும் சேர்ப்பதில்லை என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்ததையும் கண்டுபிடித்தார்கள். பாடநூல் விட்ட இடத்தைப் பிள்ளைகள் நிரப்பினார்கள். துறைக் கருத்தரங்கில் அந்த ஆய்வு வாசிக்கப்பட்டபோது எங்களுக்குப் புல்லரித்தது.

அந்த ஆலையின் உரிமையாளர் இக்கல்லூரியின் ஆட்சிக்குழு உறுப்பினர் என்பது நமக்குத் தெரியும். அந்த மாணவியின் தாய் தம் ஆலையில்தான் தைக்கிறார் என்பது அவருக்கும் தெரிந்துபோயிற்று. மறுவாரமே அத்தாயை வாயிலோடு திருப்பி அனுப்பினார்கள். தங்களை ஆட்சிக்குழு அறைக்கு அழைத்தார்கள்.

“பாடம் நடத்தச் சொன்னா ஃபேக்டரிய வேவு பாக்க ஆள் அனுப்புறீங்களா? பசங்கள மன்னிப்பு எழுதித் தரச் சொல்லுங்க.”

நாற்காலி தராமல் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். தாங்கள் நின்றபடியே சொன்னீர்கள்: “ஆய்வுல தப்பு இருந்தா காட்டுங்க, எல்லார் முன்னாடியும் திருத்துறோம். தப்பே இல்லைன்னா மன்னிப்பு எதுக்கு?”

ஒரு தவற்றையும் அவர்களால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். பொருளியலுக்கு எதிர்காலம் இல்லையாம். இனி அது முதன்மைப் பாடம் ஆகாதாம். வணிகவியல் மாணவர்க்குத் துணைப்பாடமாக ஒட்டிக்கொண்டிருந்தால் போதுமாம்! இடங்களுக்கு மேல் விண்ணப்பங்கள் வந்த ஆண்டில் இப்படி ஒரு தீர்மானம். கேள்வி கேட்கக் கற்றுத் தந்த குற்றத்துக்காக ஒரு படிப்பையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். வெட்கக்கேடு!

அம்மாணவி படிப்பை விட்டுவிடுவதாக அழுதுகொண்டு வந்தாள். “என் வாய்தான் மேடம் அம்மா வேலைக்கு உலை வெச்சிருச்சு.”

“உன் வாய் ஒண்ணும் பண்ணல. நீ வகுப்புக்குப் போ. அம்மாவோட நான் போறேன்” என்றீர்கள்.

சொன்னபடியே போனீர்கள். வகுப்பு முடிந்த கையோடு தொழிலாளர் நல அலுவலகத்தின் நீள இருக்கையில் அத்தாயோடு காத்திருந்தீர்கள். அதிகாரி வரவில்லை என்றார்கள். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் என்றார்கள். “உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?” என்று அத்தாய் கேட்டபோது, “நானும் சம்பளத்துக்கு வேலை பாக்குறவதான் அக்கா” என்றீர்களாம். அவரே எங்களிடம் சொல்லிக் கண் கலங்கினார். ஓராண்டு இழுத்தடித்த பின், விசாரணையில் ஆலை தோற்றது. அத்தாய் தம் தையல் எந்திரத்துக்கே திரும்பினார். கழிப்பறைச் சீட்டும் ஒழிந்தது. மகள் முதன்மைப் பாடத்தின் கடைசி அணிகளுள் ஒன்றில் தேறி, இன்று மேற்படிப்பில் அதே ஆய்வைத் தொடர்கிறாள்.

இவ்வளவுக்கும் தங்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? தலைமைப் பொறுப்பைப் பறித்தார்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையைத் தந்தார்கள். அந்த இரைச்சலுக்கு மேலாகக் குரலெடுத்துக் கடைசி வகுப்பு வரை நடத்தினீர்களே, அந்தத் தொண்டைக்கு எங்கள் வணக்கம்! முப்பத்திரண்டு ஆண்டுத் தொண்டைப் போற்றிப் பேச இன்று மேடையேறுவோரில் ஒருவராவது அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா?

கனிவும் கண்டிப்பும் கலந்த அம்மையீர்! கால்வலி தீர்ந்து, கண்ணொளி குன்றாது, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு நலமுடன் வாழ்க! ஆனால் அமைதியாக வாழ்க என்று வாழ்த்த எங்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் கோபமும் தங்களோடு நீடூழி வாழட்டும்!

ஆட்சிக்குழுவினர்க்கு ஒரு செய்தி. பிறதுறை மாணவர்கள் தாங்களே கேட்டு வந்து இவ்வாண்டு பொருளியலைத் துணைப்பாடமாக எடுத்திருக்கிறார்கள். இருக்கும் அறை கொள்ளவில்லை. பெரிய அறை கேட்டிருக்கிறோம். முதல் பாடம், உழைப்புச் சந்தை. அறை தர மறுத்தால், நீங்கள் கூடும் அறையின் வாசலிலேயே வகுப்பு நடக்கும். கதவைத் திறந்து வைத்தால் உங்களுக்கும் கேட்கும்.

தங்கள் வழி நிற்கும்,
பொருளியல் துறை ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்