பின்சுவத்துல ரெண்டு ஓட்டை

ஹலோ… ஹலோ, மாணிக்கம்… அக்காதான்டா, சௌந்தரம்… ஆங், இப்பக் கேக்குது. ஹால்ல நின்னா டவரு கெடைக்க மாட்டங்குது, மாடிப்படிக்கு வந்துட்டேன்… ஆமா ஆமா, புது வீட்டுலதான் இருக்கேன். தரையெல்லாம் ஒரே சிமிட்டுப் பாலு, சுரண்டி சுரண்டி நகம் போச்சு. நாளன்னைக்கு விடிஞ்சா பால் காய்ச்சணுமே… அது கெடக்கட்டும், நீ என்னமோ சொல்ல வந்த, அதுக்குள்ள கட்டாயிடுச்சு. சவுண்ட் பார்னியா?…

…நீளமா ஒத்தையா இருக்குமே, டிவிக்கு அடியில வெப்பாங்களே, அதுவா?…

…ம்… ம்… சரி… சரி, நீ சொல்லி முடி…

…முடிச்சிட்டியா. இப்ப நான் சொல்றத கேளு. உங்க மாமா வாழமரம் சொல்றதுக்கு கடைத்தெருவுக்குப் போயிருக்காரு, அவரு வர்றதுக்குள்ள பேசிடணும். அந்த பாரு வேணாம்டா. அஞ்சு பொட்டி, ஒரு ஊஃபரு, அப்படித் தனித்தனியா வருதுல்ல, அந்த செட்டு எடு…

…பெருசு எல்லாம் நான் கேக்கலியே. கம்பெனி செட்டும் கேக்கல. நம்ம மேலவீதி கடையிலயே அசம்பிள் பண்ணித் தரான். ரேகா கேட்டு வெச்சிருக்கா, நல்ல பார் ஒண்ணு என்னா வெலையோ, அதுவும் அதே வெலதான்…

…எம்பொண்ணு பெங்களூர்ல உக்காந்துகிட்டு சொல்றாளா. சரி, அவ சொன்னா தப்பா? நேத்து அரமணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தா. இந்த ஹாலு பன்னெண்டுக்குப் பதினாலு. பார்ல வர்ற சத்தம் பக்கத்து சுவத்துல பட்டுத் திரும்பி காதுக்கு வரும், நாலு பக்கமும் கேக்குற மாதிரி இருக்கும், அப்படித்தான கடைக்காரன் சொன்னான்?… ஆங். எங்க ஹால்ல ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் மாடிப்படி, தொறந்து கெடக்குது. எதுல பட்டு எங்கேர்ந்துடா திரும்பும்? பாதி சத்தம் மொட்டமாடிக்குப் போய் காக்காவுக்குக் கேக்கும்…

…சிரிக்காத. நான் சிரிக்கற மாதிரியா இருக்கேன்.

…பின்ன அந்த ரெண்டு ஓட்டைய என்னா பண்றது?… எந்த ஓட்டையா. பின்சுவத்துலடா. சோபாவுக்குப் பின்னால, எடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. நெலவாசப்படி வெச்ச அன்னைக்கு நீதான சொன்ன? நான் வாயத் தொறந்து கேட்டனா?… "அக்கா வூட்டுக்கு ஹோம் தியேட்டரு எஞ்சீரு, மாமா நீங்க இப்பவே சுவத்துக்குள்ள பைப்ப போட்டு வெச்சிடுங்க, பின்னாடி பொட்டிக்கு ஒயரு போவணும்"னு. கொத்தனாரு, சித்தாளு அத்தன பேரு நிக்கறாங்க. எங்க ஓரகத்தி அருள்மொழி கேட்டுகிட்டே வெத்தல போட்டா. உங்க மாமா உம்பேச்ச நம்பி மறுநாளே எலக்ட்ரீஷியன் இளவரசக் கூப்புட்டு சுவத்த வெட்டி பைப்பு போட்டாரு. பூசி, பெயின்ட் அடிச்சு, தோ ரெண்டு பக்கமும் ஒயரு வெளிய தொங்குது. பொட்டி வர்லன்னா சாமி படம் மாட்டி மறைக்கறதா? சோபாவுக்குப் பின்னாலயா சாமி இருக்கும்?…

…தெரியும், தெரியும், உனக்கு வேல ஜாஸ்தி. எனக்கு மட்டும் என்னா.

…அடுத்தது தட்டு. பிள்ளையார் கோயில்லேர்ந்து மேளத்தோட சீர்த்தட்டு தூக்கிட்டு வருவீங்கல்ல. பழம், பூ, தேங்கா எல்லாரும்தான் கொண்டாராங்க, அத யாரும் எண்ண மாட்டாங்க. சாமானத்தான் எண்ணுவாங்க. அருள்மொழி வூட்டுக்குக் காட்டுமன்னார்கோயில்லேர்ந்து அவ அண்ணன் பதினோரு தட்டோட வந்தான். நான் பதினொண்ணு கேக்கல. அஞ்சு பொட்டி, ஊஃபரோட ஆறு. ஆறு ரெட்டப்படை, ஆவாது. அதுக்குத்தான் ஆம்ப்ளிபயரு தனியா இருக்கற செட்டா எடுங்கறேன். ஏழு தட்டு. தெருவே பாக்கும்…

…ஒண்ணும் ஒத்தப்படதானா. நல்லா கண்டுபுடிச்ச.

…டேய், அந்த பாரு எந்தத் தட்டுலடா நிக்கும்? முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், நடுவுல நீளப் பொட்டி, கூட மேளம். பாக்கறவன் என்னா நெனப்பான்… வேணாம், நல்ல காரியம் நடக்கற வூட்டுல நின்னுகிட்டு என் வாயால சொல்ல வேணாம்…

…என்னாது?… எடுத்தே ஆச்சா?… எப்ப?… வூட்டுலயே இருக்குதா… கடலூர்ல எந்தக் கடை?… உம்பொண்டாட்டி பவானிக்குத்தான் தெரியுமா. சரி.

…இல்ல, கோவமில்ல. எடுத்தது எடுத்துட்ட. மாத்திக்க முடியுமான்னு பாப்போம். அட்டையில ஆர்.எம்.எஸ்.னு எவ்ளோ போட்டிருக்குது? ரேகா அதத்தான் பாக்கச் சொன்னா. ஆயிரம் வாட்ஸ்னு மேல பெருசா போட்டிருப்பான், அது சும்மா. நெச அளவு அடியில பொடியா இருக்கும்… தெரியலியா? அப்ப ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்புல போடு. பொட்டிய நாலு பக்கமும் எடு. பவானிய எடுத்துப் போடச் சொல்லு, அவதான் நல்லா எடுப்பா. ரேகாவுக்கு அனுப்பி வெக்கறேன்…

…இருக்கேன், நீ போடு…

…வந்துடுச்சு. இரு, கட் பண்ணாத, கண்ணாடி எங்க வெச்சேன்… ஆங்… இது முன்பக்கம்… நல்லாத்தான் இருக்குது… இது சைடு…

…மாணிக்கம்.

…மாணிக்கம், இந்த மூலையில செவப்பா ஒட்டியிருக்குதே, அது என்னாடா?…

…வெலச் சீட்டா.

…எனக்கு இங்கிலீஷு தெரியாதுன்னு நெனச்சியா? எட்டாங்கிளாசு படிச்சிருக்கேன்டா நானு. எஃப்பு, ஆரு, ரெண்டு ஈ. ஃப்ரீ வித் டிவி. அதுக்குக் கீழ நாட் ஃபார் சேலு. டிவி வாங்கினா ஓசி. எந்த டிவிக்கு?…

…கேக்கறேன்ல, எந்த டிவி?… உனக்கா. எப்ப வாங்கின?… பொங்கலுக்கா. சொல்லவே இல்லியே… எவ்ளோ இஞ்சு?…

…அறுவத்தஞ்சு.

…இல்லடா, சந்தோசந்தான். தம்பி வூட்டுல அறுவத்தஞ்சு இஞ்சு டிவி இருந்தா அக்காவுக்கு என்னா வயித்தெரிச்சலா. நல்லா பாருங்க. அந்த டிவிக்குக் கூட வந்ததத் தூக்கி எனக்கு சீரா வெக்கறதுக்கு உனக்கு எப்படிடா மனசு வந்துது?…

…கிழிச்சிடறியா. சீட்டக் கிழிச்சா பசை ஒட்டிகிட்டு அங்கியே நிக்கும். அத எங்க கிழிப்ப?…

…பவானி சொன்னா, பவானி சொன்னா. உனக்கு வாயில்லியா? அவளுக்கு நான் யாரு, மூணாம் மனுசி. உனக்கு யாரு நானு?…

…நானா பேராசப் படறேன்? எதுக்கும் ஒரு அளவு இருக்குதா? நான் கேட்ட ஒரு சாமானு சொல்லு. கல்யாணம் ஆவி முப்பத்தொரு வருசம் ஆவுது. ரேகா பொறந்தப்ப கேட்டனா, அவ சடங்குக்குக் கேட்டனா?… நீ செஞ்சத சொல்லிக் காட்டல. கேட்டது ஒண்ணு சொல்லுன்னுதான் சொல்றேன். அம்மா இருந்த வூட்ட உம்பேருக்கு எழுதறப்ப பத்திர ஆபீசுல நாலு எடத்துல கையெழுத்துப் போட்டேன். படிச்சுக்கூடப் பாக்கல. வெளிய வந்ததும் உங்க மாமா கேட்டாரு, உனக்குன்னு என்னா குடுத்தான்னு. "எனக்கு என் தம்பி இருக்கான்"னு சொன்னேன்.  அத அவரு இன்னும் மறக்கல மாணிக்கம். இந்த ஓட்டையில ஒயரு தொங்கறதப் பாக்கறப்ப எல்லாம், "உந்தம்பி இருக்கான்ல, வருவான்"ங்கறாரு. டீ குடிச்சுகிட்டே சொல்றாரு. வரட்டும், வரட்டும்ங்கறாரு. நேத்து இளவரசுகிட்ட வேற சொல்றாரு, ஒயர உள்ள தள்ளிப் பூசிடுப்பா, அதெல்லாம் வராதுன்னு. நான்தான் பூச வேணாம்னு அந்தப் புள்ளையத் திருப்பி அனுப்பினேன்…

…ஹலோ… இருக்கியா?…

…அப்படின்னா?… வர்லியா? நீயே வர்லியா?… யாரு, பவானியா சொல்றா?… கைய வெச்சு மூடாதடா, எனக்கு நல்லாவே கேக்குது. "இவ்ளோ பேச்சு கேட்டுட்டு எதுக்குப் போவணும்"ங்கறா. சரிதான். அவ கேக்கறது சரிதான்…

…இரு. இரு மாணிக்கம், வெக்காத. நான் ஜாஸ்தி பேசிட்டேன். தரை தொடைச்ச அலுப்பு, என்னமோ பேசிட்டேன். நீ வர்லன்னு சொல்லாத. பொறந்த வூட்டு ஆளு இல்லாம நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு பால் காய்ச்சுவேன். அருள்மொழி முன்னால நின்னு "உன் தம்பி எங்க"ன்னு கேப்பா. பதில் தெரிஞ்சுகிட்டே கேப்பா…

…அழுவல. சிமிட்டு தூசி.

…நான் ஒண்ணு சொல்றேன், கேளு. கோவப்படாத. அந்த செட்ட நானே வாங்கிடறேன்… ஆமா, நானே. புது அடுப்படிக்கு மூணு பர்னர் அடுப்பு எடுக்கணும்னு வெச்சிருக்கேன்ல, அதுல. பழைய அடுப்பு நல்லாத்தான் எரியுது, துலக்கி எடுத்தா புதுசு மாதிரி ஆயிடும். நாளைக்கு மத்தியானம் மேலவீதியில போயி எடுத்து, பிள்ளையார் கோயில் பக்கத்துல பூக்கட்டற மாரியம்மா இருக்குதுல்ல, அது வூட்டுல வெச்சிடறேன். அது யாருகிட்டயும் மூச்சு விடாது. நீங்க மறுநாள் விடியக்காலம் மொதல் பஸ்ல ஏறுங்க, நேரா அங்க வந்துடுங்க. தட்டு, ஜிகினாப் பேப்பரு, எல்லாம் அங்கியே இருக்கும். தூக்கிட்டு நடந்து வர வேண்டியதுதான் உன் வேல…

…என்னாது, சரியா?…

…இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு வார்த்த வேணாம்பேன்னு நெனச்சேன்.

…ஆமா, ஏழு. ஏழு பேரு வேணும். அங்கேர்ந்து எத்தன பேரு வர்றீங்க?… நாலா. மீதி மூணுக்கு நான் ஆளு வெக்கறேன். ஊஃபரு மட்டும் நீ தூக்கு, அதுதான் பெருசு, அத நீதான் தூக்கணும்…

…சொல்லு… ம்…

…பில்லா?

…யாரு பேருல போடணும்?…

…ஆமா… ஆமா, வாரண்டிக்கு மாமா கேப்பாருதான்… எம்பேரு இருந்தா தெரிஞ்சிடுந்தான்… நல்லா யோசிச்சிருக்க. யாரு, பவானி சொன்னாளா?… நீயேவா. சரிடா. ராஜமாணிக்கம், கடலூர்னே போடச் சொல்றேன். இனிஷியலும் போடச் சொல்றேன்.

…அந்த பாரா? அத நீங்களே வெச்சிக்கங்க. பெரிய டிவி, சத்தம் பத்தாது.

…பவானிகிட்ட சொல்லு, அவளுக்கு அரக்குக் கலர்ல பொடவ எடுத்து வெச்சிருக்கேன், உனக்கு வேட்டி சட்ட. எதிர்சீரு பெட்டியிலயே இருக்குது… ஆமா, ஒரிஜினல் பட்டுதான். சீட்டு எல்லாம் ஒண்ணும் ஒட்டல…

…சும்மா சொன்னேன்டா. விடு.

…இரு, கேட்டு தொறக்கற சத்தம் கேக்குது. வந்துட்டாரு. நீ லைன்லயே இரு.

ஆமாங்க… மாணிக்கந்தாங்க பேசறான்… ஏழு தட்டாம்… ஆமா, ஏழு. பொட்டி அஞ்சு, ஊஃபரு, ஆம்ப்ளிபயரு எல்லாம் தனித்தனியா… நெசமாத்தாங்க. பாரு வேணாம், அந்த ஹாலுக்கு சத்தம் திரும்பாதுன்னு அவனேதான் சொல்றான். கடை கடையா ஏறி எறங்கி எடுத்தானாம்… பாத்தீங்களா, நான் சொன்னேன்ல… ஒயரப் பூச வேணாம், இளவரச நாளன்னைக்கு சாயங்காலம் வரச் சொல்லுங்க…

அடுப்பா?… அடுப்பு இப்ப என்னாத்துக்குங்க, அப்பறமா எடுத்துக்கலாம். இருக்கறதே எரியுது.

இருங்க, உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்ங்கறான். மொறையா அவன் வாயால கூப்புடணும்ல… மாணிக்கம், தோ மாமாகிட்ட குடுக்கறேன்டா, பேசு… ஹலோ… மாணிக்கம்… ஹலோ…

…டவரு இல்லீங்க. இந்த வூட்டுல எங்க நின்னாலும் கட்டாயிடுது.