படகுப் பாட்டு ஒலித்தால் வெளியேறுக

மூன்றே நிமிடம் பேசுவதாக வாக்களித்து, இருபத்திரண்டு நிமிடம் முழங்கி, இப்போது முகம் துடைத்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! எங்கள் குடைத் தொழிற்சாலையின் மேலாளர் அவர்களே! அவருக்கு வலப்புறம், இந்த விழாவின் நாயகியாக வீற்றிருந்தும், கைப்பையை மடியை விட்டு இறக்காமல் எந்த நொடியும் புறப்பட ஆயத்தமாக இருக்கும் பாடகி அம்மையார் அவர்களே! துணி வெட்டும் தோழர்களே! கம்பி வளைக்கும் காளையரே! தையல் கூடத்துத் தாய்மார்களே! குடும்பத்தோடு வந்து முன்வரிசையைக் கைப்பற்றிய பெரியோர்களே! நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே கேட்கும் எங்கள் வாயிற்காவலர் அவர்களே! அனைவருக்கும் பாதுகாப்பு அலுவலரின் பணிவான வணக்கம்.

எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு, பாட்டும் படமும். ஒதுக்கப்பட்ட நேரம், பதினைந்து நிமிடம். தலைப்பை மீறினாலும் மீறுவேன். நேரத்தை மீற மாட்டேன்.

பாட்டு என்பது யாது? காதில் விழுவது மட்டும்தானா? இல்லை, அன்பர்களே, இல்லை! ஒரு பாட்டின் முதல் ஒலி எழும்போதே ஒரு முழுப் படம் நம் உள்ளே ஓடத் தொடங்குகிறது. நாயகன் நிற்கிறான், நாயகி சிரிக்கிறாள், வில்லன் கதவை உதைக்கிறான். படம் மட்டுமா? தொலைக்காட்சித் தொடர்களை எண்ணிப் பாருங்கள். என் மாமியார் ஒரு தொடர் பார்ப்பார். அதன் தலைப்பிசை கேட்ட மாத்திரத்தில், கதை தொடங்கும் முன்பே, கண் துடைக்கத் துண்டை எடுத்து வைத்துக்கொள்வார். ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் அதே இசையைத் தம் வீட்டு அழைப்புமணியாக வைத்துவிட்டார். பால்காரர் மணி அடித்தார். இங்கே என் மாமியார் அழுதார். கூரியர்காரர் அடித்தார்; மீண்டும் அழுதார். "யாரு செத்தாங்கன்னு கூடத் தெரியல மாப்ள, அழுகையா வருது" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தேன். அந்த ஆற்றல் என் அலுவலகத்துக்குள் நுழையும் வரை சிரித்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மழைநாளில் நம் ஆலையின் அபாயச் சங்கு எரிந்துபோனது. மாற்றுச் சங்கு வந்து சேர நாற்பது நாள். தீயணைப்புத் துறை ஆய்வாளரோ வியாழக்கிழமை வருகிறார். என்ன சோதிப்பார்? இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மூன்று நிமிடத்துக்குள் வெளியேறுகிறார்களா என்று சோதிப்பார். வெளியேறாவிட்டால்? புதுச் சங்கு வரும் வரை ஆலைக்குப் பூட்டு. நாற்பது நாள் வேலை இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு யோசித்து யோசித்து எரியும்.

நான் என்ன செய்தேன்? விதிநூலைத் திறந்தேன். சங்கு பழுதானால், அனைவரும் எளிதில் அடையாளம் காணும் வேறோர் ஒலியைப் பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. அனைவரும் அடையாளம் காணும் ஒலி எது? பாட்டு! எந்தப் பாட்டு? இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் வந்து, விடுமுறை தவறாமல் தொலைக்காட்சியில் இன்றும் வருகிற அந்தப் படம் உங்களுக்குத் தெரியும். நாயகன் ரயில் கூரைமேல் வில்லனைத் துரத்தும் அந்தப் பாட்டும் தெரியும். நாயகன் ஓடுகிறான், வில்லன் ஓடுகிறான், ரயிலே ஓடுகிறது! இதைக் கேட்டால் நம் மக்களும் ஓடமாட்டார்களா? கணக்கு சரி. விதி சரி. மனிதர்களைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒத்திகை. ஒலிபெருக்கியில் துரத்தல் பாட்டு அதிர்ந்தது. நடந்தது என்ன? தையல் கூடத்தில் விசில். வெட்டும் கூடத்தில் துண்டுத்துணிகள் அள்ளி அள்ளி வானில் வீசப்பட்டன. இருபது ஆண்டுகள் அனுபவம் வாய்ந்த நம் கட்டிங் மாஸ்டர்... ஒளியாதீர்கள் ஐயா, தெரிகிறீர்கள்... வெட்டுமேசைமேல் ஏறி, அதையே ரயில் கூரையாக எண்ணி, விரியாத குடையைத் துப்பாக்கியாக நீட்டி, முழங்காலிட்டுச் சறுக்கினார். கீழே நின்ற நாற்பது பேர் "ஒன்ஸ்மோர்" கேட்டார்கள்!

ஆலை காலியாக ஆன நேரம், பதினோரு நிமிடம் நாற்பது வினாடி. வெளியேறியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. உள்ளே வந்தவர்கள் மூவர்.

மேலாளர் என்னை அழைத்தார். "ஏன்யா, உள்ள இருக்கறவன் வெளிய போகணும்னு பாட்டுப் போட்டா, ரோட்ல போறவன் உள்ள வர்றானே?"

"சார், விதிப்படி..."

"விதி கிடக்கட்டும். உன் பாட்டைக் கேட்டு நானே சீட்டை விட்டு எந்திரிக்கல. மேசையில தாளம் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

செவ்வாய் மாலை தலைகுனிந்து வீட்டுக்குப் புறப்பட்ட என்னை ஆலை வாயிலில் மறித்தார் நம் வாயிற்காவலர். ஆலைக்கு வருமுன் அவர் திரையரங்கில் டிக்கெட் கிழித்தவர். இந்தப் படம் ஓடிய நூற்று இருபது நாளும் கதவருகே நின்றவர்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க போட்டது ஆளை உக்கார வைக்கிற பாட்டு. ஆளை எழுப்புற பாட்டு அதே படத்துல இருக்கு."

"எது?"

"படகுப் பாட்டு சார். இன்டர்வல் முடிஞ்சு பத்தாவது நிமிஷம். அது வர்றதுக்கு முன்னாடியே நான் ரெண்டு கதவையும் தொறந்து வச்சுட்டு ஓரமா ஒதுங்கிருவேன். இல்லேன்னா என்னையும் சேத்துத் தள்ளிட்டுப் போயிருவாங்க."

"அவ்வளவு மோசமான பாட்டா?"

"யாருக்குத் தெரியும் சார்? யார் கேட்டா?"

அன்பர்களே, அந்தப் பாட்டை நினைவுபடுத்துகிறேன். நாயகனின் நண்பனுடைய அக்கா ஓர் ஏரியில் தனியே படகு ஓட்டுகிறாள். ஆறரை நிமிடம் ஓட்டுகிறாள். படகும் நகரவில்லை, கதையும் நகரவில்லை, நகர்ந்தவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே! திரையரங்கில் தேநீர் விற்றது அந்தப் பாட்டுக்கு. தொலைக்காட்சியில் வரும்போது வீட்டில் துணி மடித்தது அந்தப் பாட்டுக்கு. தண்ணீர் பிடித்து வைத்தது, அடுப்பை அணைத்தது, அண்ணிக்குத் தொலைபேசியில் பேசியது, எல்லாம் அந்தப் பாட்டுக்கு! ஒரு தலைமுறையின் கால்களே அந்தப் பாட்டுக்குப் பழகியிருக்கின்றன.

புதன்கிழமை அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டினேன்: 'படகுப் பாட்டு ஒலித்தால் வெளியேறுக.' ஒன்றுகூடும் இடத்துக்கான பலகையைப் பெயர்த்துத் தேநீர்க்கடை முன்பு நட்டேன். என் ஆணையை ஒருவரும் படிக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. அதன்மேல் யாரோ குடைக்கைப்பிடியின் படத்தைக் குத்தி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை. ஆய்வாளர் தையல் கூடத்தின் நடுவே நின்றார். கையில் நிறுத்துகடிகாரம். முகத்தில் கருணைக்கு இடமே இல்லை. நான் கையசைத்தேன். பாட்டு தொடங்கியது. முதலில் துடுப்பின் ஓசை. பிறகு இந்த அம்மையாரின் குரல், மெல்ல, மிக மெல்ல.

ஓடினார்களா? இல்லை. அலறினார்களா? இல்லை. முண்டினார்களா? இல்லவே இல்லை! தையல் கூடத்து மூத்த அக்கா எந்திரத்தை நிறுத்தி, சோம்பல் முறித்து, பக்கத்து இருக்கையிடம் சொன்னார்: "வாடி, இது முடியறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்." அவ்வளவுதான். வரிசை வரிசையாக எழுந்தார்கள். வழி விட்டு வழி விட்டு நடந்தார்கள். அபாயம் என்றால் முட்டிமோதும் மனிதர்கள், அலுப்பு என்றால் எத்தனை ஒழுங்காகப் போகிறார்கள்! இரண்டு நிமிடம் பத்து வினாடி. ஆலை காலி.

ஆய்வாளரை நோக்கித் திரும்பினேன். ஆய்வாளரைக் காணவில்லை. தேநீர் வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார். கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, கையெழுத்து..."

"நான் எப்பங்க வெளிய வந்தேன்?" என்றார். கடிகாரத்தை நிறுத்தினார். "சோதிக்க வந்தவனே வெளிய நிக்கிறேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கொடுங்க பேனாவை."

பூட்டு இல்லை. ஒருநாள் வேலைகூட நிற்கவில்லை.

கைதட்டல் போதும், இதற்கு மேல்தான் தட்ட வேண்டிய இடம் வருகிறது. அடுத்த மாதமே தையல் கூடத்து மோட்டார் ஒன்று உண்மையாகவே தீப்பிடித்தது. புகை, துணி, நெருப்பு. பாட்டு ஒலித்தது. ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடியில் எல்லோரும் வெளியே. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கருகியவை ஒன்பது குடைகள். புதுச் சங்கு வந்தது. அது வந்த பெட்டியிலேயே இன்றும் உறங்குகிறது.

ஆகவேதான் இந்த அம்மையாரை அழைக்கப் போனோம். இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் வீடு. கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, பாட்டின் பேரைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "கிண்டல் பண்ண வந்தீங்களா?" என்றார். மெல்லச் சொன்னார். படம் வெளியான அன்று தம் தாயோடு திரையரங்குக்குப் போயிருக்கிறார். அவர் பாடிய முதல் பாட்டு, ஒரே பாட்டு. அது தொடங்கியதும் அரங்கம் எழுந்து போயிருக்கிறது. பெற்ற தாயே காதருகே குனிந்து, "கண்ணு, நான் ஒரு காபி குடிச்சிட்டு ஓடி வந்துர்றேன்" என்றாராம். அதன்பின் அம்மையார் பாடவில்லை. மேடையில் இல்லை. வீட்டிலும் இல்லை.

"கடைசி வரைக்கும் கேட்டவங்க ஒருத்தராவது இருக்காங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

அவைக்கு நான் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஆலையைவிட்டுக் கடைசியாக வெளியேற வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். கூடம் கூடமாகப் பார்த்து, கழிவறை வரை தட்டிப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று உறுதிசெய்து, பாட்டையும் நிறுத்திவிட்டே அவர் வர வேண்டும். இந்த ஓராண்டில் பன்னிரண்டு ஒத்திகைகள், ஓர் உண்மைத் தீ. பன்னிரண்டு முறை, ஆளில்லாத கூடத்தில், நின்றுபோன எந்திரங்களுக்கு நடுவே, அந்தப் பாட்டை நான் முழுவதும் கேட்டிருக்கிறேன். அன்பர்களே, அதில் மூன்றாவது சரணம் ஒன்று இருக்கிறது! உங்களில் யாருக்காவது தெரியுமா? படகு கரை சேர்கிறது, ஐயா! இத்தனை ஆண்டும் நகரவே இல்லை என்று நாம் நகையாடிய படகு, நாம் எழுந்து போனபின் கரை சேர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது! கரையில் இறங்கி அவள் பாடுகிறாள்: 'வந்துவிட்டேன், விளக்கேந்தி நிற்பவர் யார்?' அந்த இடத்தில் இந்தக் குரல் ஏறும் ஏற்றத்தை நான் எப்படிச் சொல்வேன்? ஒத்திகை அறிக்கையில் அதற்குப் பத்தி கிடையாது. முதல்முறை கேட்டபோது, வெளியே வருவதற்கு நாற்பது வினாடி தாமதித்தேன். அது விதிமீறல், பதிவேட்டில் என் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அதைத்தான் அம்மையாரிடம் சொன்னேன். அதன்பின்தான் கைப்பையை எடுத்தார்.

இப்போது அவர் பாடப் போகிறார். ஏன் அம்மா தலையை ஆட்டுகிறீர்கள்? பாடப் போகிறீர்கள். முதல் சரணத்திலிருந்து, மூன்றாவது வரை. உங்கள் கால்கள் தாமாக எழும் என்பது எனக்குத் தெரியும், நண்பர்களே. தேநீர்க்கடையை மூடச் சொல்லியிருக்கிறேன். கதவைப் பூட்டலாம் என்றார் மேலாளர்; அது விதிமீறல் என்று மறுத்துவிட்டேன். இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. உங்களை வெளியேற்றுவதற்கே ஊதியம் பெறும் நான், பணிக்காலத்தில் முதன்முறையாக ஒரு மாற்று ஆணை இடுகிறேன்.

உட்காருங்கள். ஆறரை நிமிடம், அசையாமல் உட்காருங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், குழந்தைகளைத் தட்டி அமர்த்திய தாய்மார்க்கும், இன்னும் ஒரு நிமிடம் மீதமிருந்தும் இறங்க அனுமதிக்கும் தலைவர்க்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம். அம்மா, ஒலிவாங்கி உங்களுடையது.