காப்புக் கட்டிய கை

நண்பகல் பன்னிரண்டு பத்து. திருவண்ணாமலைக்கு வெளியே, காஞ்சி சாலையிலிருந்து பிரிந்து வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றைத் தார்ச்சாலை. ஆள் இல்லை. மாடு இல்லை. ஒரே ஒரு பைக்... வேகமாக.

"பகல்லயா? பேய்க்கதைன்னு சொன்ன?" என்றாள் சினேகா. விடுதி மொட்டைமாடியில் ஒரே போர்வைக்குள் ஒடுங்கியிருந்த நால்வரும் சிரித்தார்கள்.

பகல்தான். இருட்டில் நடந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். வினோதினி இன்று ஊருக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் சொல்கிறேன். அவள் திரும்பி வந்ததும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பைக்கில் போனவர் அவளுடைய அண்ணன்.

பெயர் முருகவேல். கச்சேரி மேடைகளுக்கு ஒலி அமைப்பவர். போன வருடம் பிப்ரவரி கடைசியில், அடி அண்ணாமலை தாண்டி ஓர் ஊரில்... ஊர்ப் பெயர் வேண்டாம்... மூன்று நாள் இசைவிழா நடந்தது. முப்பது ஏக்கர் தரிசு. இரண்டு மேடை. சென்னை, பெங்களூரு, புதுச்சேரி என்று நாலாயிரம் பேர் வந்து, கூடாரம் அடித்து அங்கேயே தங்கினார்கள். மேடைக்குப் பின்னால் மலை தெரியும். எல்லோரும் பாட்டைவிட அதைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள்.

முதல் நாள் காலை ஸ்பீக்கர்களுக்குப் பூசை. அது எல்லா இடத்திலும் உண்டு. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் ஒலிக்காரர்கள் முதல் சுவிட்சைப் போடுவார்கள். விழா நடத்தியவர்களுக்கு அது போதவில்லை. வீடியோ எடுக்க வேண்டும், இந்த ஊர் முறைப்படி ஏதாவது செய்யுங்கள் என்றார்கள்.

தொடக்க நிகழ்ச்சிக்குப் பம்பை அடிக்க வந்திருந்தார் இருசப்பன். அறுபது வயதுக்கு மேல். அந்தப் பக்கத்தில் அம்மன் திருவிழா தொடங்கும்போது, பம்பை மேளத்துக்கும் அதை அடிப்பவர் கைக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்களாம். திருவிழா முடிந்ததும் கட்டியவரே அவிழ்க்க வேண்டும். அதுவரை காப்பு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதைக் கட்டச் சொன்னார்கள்.

"வெளையாட்டு இல்லமா இது" என்றார் இருசப்பன். "எங்க ஊர்லயே இப்பல்லாம் கட்றதில்ல."

ஸ்பீக்கருக்கும் அதை இயக்குபவருக்கும் கட்டினால் போதும், ஒரு நிமிட வேலை என்றார்கள்.

"கட்டுங்க பெரியவரே" என்று முருகவேல் வலது கையை நீட்டினார். "மூணு நாளும் நான் எங்க போப்போறேன்? குளிக்கவே நேரம் இருக்காது."

மூன்று முடிச்சு. கடைசி முடிச்சைப் போட்டபோது இருசப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கேமராவில் அது பக்தியாகத் தெரிந்ததாம்.

அன்று சாயங்காலம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, உதவிக்கு இருந்த கோபி கேட்டான். அவன் அந்த ஊர்க்காரன்.

"இன்னா மச்சான், கல்யாணப் பையன் மாதிரி கட்டிக்கினு உக்காந்துகினு கீற? சடையன் கதை தெரியுமா உனக்கு?"

தெரியாது. கோபி சொன்னான்.

முப்பது வருடத்துக்கு முன்னால் சடையன் என்று ஒரு பம்பைக்காரர் இருந்தார். திருவிழாவின் இரண்டாம் நாள், உச்சி வேளையில், பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். சடையனின் மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை சரியில்லை என்றான். காப்பை அவிழ்க்க வேண்டியவரைக் காணவில்லை. சடையன் பம்பையை இறக்கி வைத்துவிட்டு ஓடினார். எல்லையில் ஒரு சிறுபாலம். அங்கே ஆறேழு பேர் மறித்துக்கொண்டார்கள். காப்பு வெளியே போனால் ஊருக்கு ஆகாது என்றார்கள். இவர் காலில் விழுந்தார். அடித்தார்கள். கடைசியில் ஒருவன் சொன்னான்... ஆள் போகட்டும், காப்பு இங்கேயே இருக்கட்டும்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரே வெட்டில் வரவில்லை.

"அப்பறம் நெசமாவே போவ வுட்டாங்க மச்சான்" என்றான் கோபி. "எழுந்து நடந்தாரு. இருநூறு அடி கூடப் போவல. அந்தம்மாவும் கொழந்தையும் கூட அன்னிக்கே..."

முருகவேல் சிரித்தார். "டீ குடிக்கும்போது சொல்ற கதையாடா இது? நானு இல்லன்னா மூணு நாளைக்கும் நீதான் மிக்சர்ல உக்காரணும், பாத்துக்க."

"ஏய், போதும்டீ" என்றாள் சினேகா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வராது.

இரண்டாம் நாள். பன்னிரண்டு மணி. விடிய விடிய ஆடியவர்கள் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் கோபி பாஸ் ஸ்பீக்கர்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். கும்... கும்... தரை வழியாக வந்து முழங்காலில் ஏறும் சத்தம். முருகவேலின் போன் அதிர்ந்தது.

மனைவி கவிநிலா. எட்டாம் மாதம்.

"மாமா... ரத்தமா வருது. எழவே முடில. கதவ உள்ள தாப்பா போட்டுட்டேன் மாமா..."

போன் விழுந்த சத்தம். அதன் பிறகு மூச்சு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

அவர் அம்மா வளைகாப்புக்குச் சொந்தக்காரர்களை அழைக்கப் போளூர் போயிருந்தார். வினோதினி வேங்கிக்காலில், வேலையில் இருந்தாள். வீடு அடி அண்ணாமலையில், நாலு கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடமாவது ஆகும் என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தாலும் கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. யாராவது உடைக்க வேண்டும்.

அவர் பைக்கை எடுத்தார். கோபி பின்னாலேயே ஓடிவந்தான். "மச்சான், காப்ப அறுத்துட்டுப் போ! கட்டர் இங்கதான் கீது!"

"அதுக்காடா இப்ப நேரம்?"

சாலை காலியாக இருந்தது. வெயில் தாரை இளக்கியிருந்தது. முதுகுக்குப் பின்னால் கும்... கும்... அவர் கவனித்தது ஒன்றுதான். மேடையை விட்டுத் தள்ளிப் போகப் போக அந்தச் சத்தம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

சிறுபாலம் வந்தது. கைப்பிடிச் சுவர்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி. வெற்றுடம்பு. வலது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து நடுச்சாலைக்கு வந்தார்.

"வழி வுடுண்ணா!" என்று முருகவேல் கத்தினார். "பொண்டாட்டிக்கு முடில!"

"எனக்கும் அதாம்பா" என்றார் அவர். கோபமே இல்லாத குரல். "ஓடு... அவங்க வந்துட்டாங்க."

முன்சக்கரம் நின்றது. யாரோ கையால் பிடித்து நிறுத்தியது போல. முருகவேல் தலைக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டு, முகம் ஜல்லியில் தேய்ந்து விழுந்தார். பல் உடைந்தது. பெட்ரோல் நாற்றம். அதையும் மீறி... சாராயம், எரிந்த சூடம், வியர்வை.

யாரும் இல்லை. ஆனால் காலடிகள். வெறுங்கால்கள். நாலா பக்கமும்.

முதல் உதை விலாவில். எலும்பு உடைந்ததை அவர் உள்ளிருந்து கேட்டார். இரண்டாவது வாயில். எழ முயன்றபோது பிடரியில் ஒரு முழங்கால் ஏறி உட்கார்ந்தது. முடியைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்தது. காதோரம் மூச்சு, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு... அவர் எண்ணினாராம். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை என்று பிறகு வினோதினியிடம் சொன்னார்.

பாலத்துச் சுவர் வரைக்கும் இழுத்துப் போனார்கள். வலது கையை நீட்டிச் சுவர்மேல் வைத்தார்கள். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். சுண்டுவிரல் பிரியவில்லை, அதை ஒடித்தார்கள்.

"அவ செத்துடுவா" என்று அவர் கத்தினார். "அறுத்துக்குங்க, கயிற அறுத்துக்குங்க..."

முதல் வெட்டு சுவரில் பட்டது. கல் தெறித்துக் கன்னத்தைக் கிழித்தது.

இரண்டாவது வெட்டு எலும்பில் நின்றது. அதை அசைத்து அசைத்து எடுத்தார்கள்.

மூன்றாவது.

அவர் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. மேடைக்குத் திரும்பியிருந்த கோபி அப்போது பாஸ் ஒலியை இன்னும் ஏற்றியிருந்தான்.

"போவட்டும்" என்றது ஒரு குரல். முதுகிலிருந்த பாரம் இறங்கியது. வெறும் சாலை. வெயில். மணிக்கட்டிலிருந்து துடிக்கத் துடிக்கப் பீறிட்ட ரத்தம்.

அவருடைய பாக்கெட்டில் கேபிள் டை இருந்தது, ஒயர்களைக் கட்டுவதற்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பட்டை. அதை முன்கையில் சுற்றி, உடைந்த பற்களால் இழுத்து இறுக்கினார். ரத்தம் குறைந்தது. கையைத் தேடவில்லை. நடந்தார். அவருடைய மண்டைக்குள் ஒரே வார்த்தைதான் இருந்ததாம்... கதவு.

இருநூறு அடி. முந்நூறு. ஒரு பால் வண்டி வந்தது. டிரைவர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். இவர் இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார். "மொதல்ல வூட்டுக்கு. கதவ ஒடைக்கணும்."

வீட்டில் கதவு திறந்திருந்தது.

உடைக்கவில்லை. தாழ்ப்பாள் உள்ளிருந்து ஒழுங்காக நீக்கப்பட்டிருந்தது. நடுவீட்டில் ரத்தம், ஒரு கிழிந்த பாய், போன். கவிநிலா இல்லை. முருகவேல் நிலைப்படியிலேயே விழுந்தார்.

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்கா பிறகு சொன்னார். குழாயடியிலிருந்து குடத்தோடு வரும்போது கதவு திறந்து கிடந்ததைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். அவர்தான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கவிநிலாவைத் தவிர உள்ளே யாரும் இல்லை என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. மூச்சு விட்டது.

வெட்டுப்பட்ட கையைச் சில மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் ஒட்டிப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள். அதனால் கோபி விழாவில் குளிர்பானம் விற்ற கடையிலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினான். சுவர்மேல் ரத்தம் இருந்தது. பாலத்துக்கு அடியில், வாய்க்காலில், வயலில், எல்லா இடத்திலும் தேடினான். காப்பு கிடைத்தது. மேடை இருந்த பக்கம், சாலையோரத்தில், மூன்று முடிச்சும் அவிழாமல், வளையமாக. கை கிடைக்கவில்லை.

பைக் சறுக்கி, சங்கிலிக் கவசத்தின் தகடு அறுத்துவிட்டது என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். மூன்று தடவையா என்று டாக்டர் கேட்டார். விழா மூன்றாம் நாளும் நடந்தது. இருசப்பன் காப்பு அவிழ்க்க வரவில்லை.

பிரசவமான மறுநாள் மாலை வினோதினி அண்ணிக்குக் கஞ்சி கொண்டுபோனாள். முருகவேல் அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில் இருந்தார். கவிநிலாவுக்கு இன்னும் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. குழந்தையை அப்போதுதான் கொண்டுவந்து பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

"கதவ யாரு அண்ணி தொறந்தது?" என்று வினோதினி கேட்டாள்.

"யாரு தொறப்பாங்க? உங்க அண்ணன்தான்." கவிநிலா களைப்பாகச் சிரித்தாள். "கண்ணு தொறக்க முடில எனக்கு. தாப்பா சத்தம் கேட்டுது. வந்து கையப் புடிச்சிக்கினாரு. ஆட்டோல, லேபர் வார்டுல... வுடவேல்ல. ஜில்லுனு இருந்திச்சி. நர்ஸுங்க கூட அவர வெளிய போன்னு சொல்லல பாரேன்."

வினோதினிக்குப் பொய் சொல்ல வராது. உங்களுக்கே தெரியும். நடந்ததைச் சொன்னாள். பாலம், நேரம், கை... எல்லாம்.

கவிநிலா அழவில்லை. மெல்லத் தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இது யாரு வினோ?"

போர்வைக்கு வெளியே அவளுடைய வலது கை கட்டில் ஓரத்தில் கிடந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. மூடச் சொன்னாள் வினோதினி. மூட முடியவில்லை. நடுவில் எதுவும் இல்லை, ஆனாலும் மூட முடியவில்லை. வினோதினி குனிந்து பார்த்தாள். நகங்கள் வெளுத்தன. எல்லாம் ஒரே சமயத்தில் அல்ல. சுண்டுவிரல்... மோதிரவிரல்... நடுவிரல்... யாரோ நுனியை அழுத்துவது போல ஒவ்வொன்றாக வெளுத்தது, விட்டதும் ரத்தம் ஏறிச் சிவந்தது. மறுபடி சுண்டுவிரலிலிருந்து. சீராக. பம்பை அடிப்பது போல, தாளம் தப்பாமல்.

பக்கத்தில் குழந்தை சிணுங்கியது.

விரல்களில் வெளுப்பு நின்றது. எதையோ கேட்பது போல ஒரு நிமிடம். பிறகு, தூங்க வைப்பது போல... மெதுவாக... மறுபடி ஆரம்பித்தது.