பேர் எழுதாத டப்பா

பேர் எழுதாத டப்பாவும், அப்புறம் இன்னொண்ணு ஏதோ சொல்வாரு தம்பி, அந்த ரெண்டும் என்னைக்காவது ஒருநாள் ஆளக் கவுத்துரும்னு. பிட்ஸ்பர்க்ல நாங்க பிலிம் கழுவக் குடுக்குற லேப்ல இருந்த பெரியவரு, ஸ்வோபோடான்னு பேரு. அந்த இன்னொண்ணு என்னன்னு காலையில இருந்து யோசிச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது. குடிகார டிரைவரா, கொழுந்தனாரா... ஏதோ ஒண்ணு. சரி, டப்பா ஞாபகம் இருக்கு, அது போதும்.

உக்காருங்க. அந்தப் பேப்பர் எல்லாத்தையும் கீழ தள்ளிவிட்டு உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. யாரும் வர்றதில்ல, அதான் நாற்காலி எல்லாம் அலமாரி ஆயிருச்சு. காபி குடிப்பீங்கல்ல? பியரோகி இருக்கு, உருளைக்கிழங்கு வச்ச கொழுக்கட்டை மாதிரி, வெண்ணெயில வெங்காயம் போட்டு வதக்கித் தரேன். சர்ச்ல வெள்ளிக்கிழமை விக்கிறாங்க, பன்னெண்டுக்குக் கம்மியா குடுக்க மாட்டாங்க. ஒத்த ஆளுக்கு அது மூணு நாள் சோறு.

என்ன வாடை? ஓ, அதுவா. காலையில அடுப்புல கொஞ்சம் குப்பை போட்டேன். ஜன்னல் தொறந்துதான் இருக்கு, போயிரும்.

ஆமா, டிவிதான். தலைகீழாத்தான் வச்சிருக்கு. இல்ல இல்ல, ரிப்பேர் எல்லாம் இல்ல, நல்லா ஓடும். அதுக்கு வருவோம்.

டப்பா எல்லாம் கதவுப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கேன் பாருங்க. எட்டு. நெகட்டிவ் முழுசும் அதுதான். லேப்ப மூடுறப்போ ஃபோன் பண்ணினாங்க, வந்து எடுத்துக்கிறியா, குப்பையில போடவான்னு. டைரக்டர் கேரி செத்து அப்போ ரெண்டு வருஷம். வேற யாரக் கேப்பாங்க? கேமராமேன் நான்தானே. போய் கார்ல ஏத்திட்டு வந்தேன். அன்னையில இருந்து கீழ்த்தளத்துலதான், என் துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்துல.

நீங்க ஃபோன்ல சொன்னீங்களே, உங்க புது மெஷின்ல போட்டா ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியும்னு. படத்துல தலைகீழாத் தொங்குற வௌவால்காரி முகம் முதல் தடவையா பளிச்சுன்னு தெரியும், நீங்க போடுற புது டிஸ்க்கு அட்டையில அவ முகம்தான் வரப்போகுதுன்னு. நீங்க சந்தோஷமாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் அன்னையில இருந்து தூக்கம் சரியில்ல.

தப்பா நினைக்காதீங்க. பழைய வீடியோ கேசட்டுல முகம்னு ஒண்ணு கிடையாது, வெள்ளையா ஒரு புகை. நீங்க போட்டிருக்கீங்களே இந்தப் பனியன், இதுல இருக்கிறதும் அந்தப் புகைதான். அழகாத்தான் அச்சடிச்சிருக்காங்க.

எப்படி எடுத்தேன்னா? கண்ணாடி. எல்லாப் பேட்டியிலயும் சொல்லியிருக்கேனே. கேமராவுக்கு முன்னாடி சாய்வா ஒரு கண்ணாடி, பக்கவாட்டுல ஒரு பொம்பளைய நிக்க வச்சு, அவ மேல மட்டும் வெளிச்சம். ஆமா, நாப்பது வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

சிரிக்கிறீங்க. கண்ணாடின்னா அந்த சீன்ல எரியுற நெருப்போட வெளிச்சம் அவ மேலயும் ஆடியிருக்கணும்னு கண்டுபிடிச்சிட்டீங்க, அப்படித்தானே? கெட்டிக்காரன். இத்தன வருஷத்துல நீங்கதான் முத ஆளு.

முதல்லேர்ந்து சொல்றேன். எண்பத்தொண்ணு. இரும்பு மில்லு ஒவ்வொரு உலையா அணைச்சுக்கிட்டு வந்த நேரம். கேரி டூசெக் வாரநாள்ல சோபாக் கடைக்கு விளம்பரப் படம் எடுப்பான். ஒருநாள் வந்து, எமில், நம்ம ஊரு கசடு மலையில இருந்து ஒரு பூதம் வருது, தொட்டவன் எல்லாம் உருகிப் போறான், எப்படியிருக்குங்கிறான். உலையில இருந்து கொட்டுன கசடு, மலையாட்டம் கிடக்குமே, அதுதான். பூதத்துக்குள்ள ரே பாட்னர். அவனுக்கு மில்லுல வேலை போய் ஒரு மாசம். மெத்தைப் பஞ்சு, கறுப்புப் பெயிண்டு, மேல ஓட்ஸ் கஞ்சி. காஞ்சா அசல் கசடு மாதிரியே வெடிச்சு நிக்கும். ரத்தத்துக்குச் சோளப் பாகு. ஜூலை மாசம், குளவி எல்லாம் ரே மேலதான். உள்ள இருந்து கத்துவான்: மில்லுல இருந்து துரத்தினானுங்க சரி, இப்ப மில்லையே தூக்கி என் மேல போத்துறீங்களேடா! நாங்க சிரிச்சு சிரிச்சு கேமரா ஆடிப் போயிரும்.

விளையாட்டில்ல தம்பி. இந்தப் படம் ஓடினா இந்த ஊர விட்டுப் போயிடலாம்னு நாங்க எல்லாரும் நம்பினோம். ரே கூட.

பிலிம் புதுசா வாங்க வழி ஏது? விளம்பரக் கம்பெனிக்காரங்க முக்கால் சுருள் எடுத்துட்டு மிச்சத்த ஓரமாப் போட்டுருவாங்க. அந்தத் துண்டுகள சல்லிசா வாங்கிட்டு வந்து, எங்க வீட்டு ஃபிரிட்ஜுலதான் வைப்பேன். பன்றித்தொடைக்கும் பால் புட்டிக்கும் நடுவுல. மேல டேப் ஒட்டி, இத்தன அடி, இன்னும் எடுக்கலைன்னு எழுதிருவேன். எடுத்ததுக்குச் செவப்பு டேப்.

ஒரே ஒரு டப்பாவுல மட்டும் எழுதல.

எழுத முடியல தம்பி. ஃபிரிட்ஜ் எனக்கு மட்டுமா? வெர்னாவுக்கும்தானே. என் பொண்டாட்டி. அவ பேர எழுதி வச்சா அவ கண்ணுலயே படுமே.

இருங்க, அத அப்புறம் சொல்றேன். கடைசி சீன் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். பாய்லர் ரூம், பூதம் எரியுது. ரே உள்ள இல்ல, பயப்படாதீங்க, வைக்கோல் அடைச்சோம். இருந்தது ஒரே ஒரு பூதம், அதனால ஒரே ஒரு தடவதான் எரிக்க முடியும். வெளிச்சம் படாத கறுப்புப் பைக்குள்ள கைய விட்டு நான்தான் சுருள மாட்டினேன். பேர் இல்லாத டப்பா. புதுசுன்னு நினைச்சேன். வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது, இந்த ரெண்டு கைதான்.

மறுவாரம் ஸ்வோபோடா லேப்ல போட்டுப் பாக்குறோம். நெருப்பு எரியுது. அதுக்கு நடுவுல, மேல இருந்து தலைகீழா ஒரு பொம்பள. இருட்டு வாசல்ல இருந்து பின்னாலயே நடந்து வர்றா. சடார்னு திரும்புறா. கைய நீட்டுறா. அப்புறம் கைய எறக்கிட்டு அப்படியே தொங்குறா. ஒரு கண்ணு மூடியிருக்கு, ஒரு கண்ணு தொறந்திருக்கு. பாதி வாய் மட்டும் சிரிக்குது.

கேரி குதிச்சு எந்திரிச்சு என் தலையப் புடிச்சு முத்தம் குடுக்குறான். டேய் எமில், எங்கிட்ட சொல்லாம என்னடா பண்ணி வச்சிருக்கேங்கிறான். வாயத் தொறந்தேன் தம்பி. உண்மையச் சொல்லத்தான் தொறந்தேன். கண்ணாடின்னு வந்துருச்சு.

ஸ்வோபோடா மட்டும் படத்தப் பாக்கல, என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. எல்லாரும் போன பிறகு, அது எந்த டப்பா எமில்னாரு. அப்பதான் அந்த வாசகம் சொன்னாரு. பேர் எழுதாத டப்பாவும்... பாருங்க, இப்பவும் வரல.

ஒரு தடவ ஓடி முடிஞ்ச சுருளுக்கு வால்தான் வெளிய நிக்கும். அதத் திரும்பச் சுத்தாம கேமராவுல மாட்டினா, புதுப் படத்துக்குள்ளயே பழைய படமும் தலைகீழா, பின்பக்கமா ஓடும். அவ்வளவுதான் உங்க வௌவால்காரி. மாயம் ஒண்ணும் இல்ல.

வெர்னாவுக்கு அந்த வருஷம் பிப்ரவரியில முகவாதம் வந்துச்சு. காலையில எந்திரிக்கிறா, இடது பக்கம் பூரா தொங்கிப் போச்சு. கண்ணு மூடாது. காபிய ஸ்ட்ரா போட்டுக் குடிப்பா, அப்பவும் ஓரமா வழியும். சில மாசத்துல சரியாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அவ ஸ்கூல் கேன்டீன்ல பரிமாறுறவ. பிள்ளைங்க பயப்படும்னு வேலைக்கே போகல. வீட்டுல இருந்த கண்ணாடி எல்லாத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சா. ரெண்டு மாசம் வாசப்படி தாண்டல.

ஏப்ரல்ல ஒரு மத்தியானம். நான் புல்லுல நின்னு கேமரா சரியா ஓடுதான்னு பாத்துக்கிட்டிருக்கேன். கதவு தொறக்குது. வெர்னா வெளிய வர்றா. பூப்போட்ட ஹவுஸ்கோட்டு. என்னக் கவனிக்கல. முகத்தத் தூக்கி வெயில்ல காட்டிக்கிட்டு நிக்குறா, ஒரு கண்ண மூடிக்கிட்டு. ரெண்டு மாசத்துக்கப்புறம் முத வெயில். எனக்கு என்ன தோணும் சொல்லுங்க? கேமரா கையில இருக்கு. திருப்பினேன். அழகா இருந்தா தம்பி. அத அவளுக்குக் காட்டணும்னுதான்.

சத்தம் கேட்டுத் திரும்பினா. வேண்டாம்னு கைய நீட்டினா. உள்ள போயிட்டா. பதினோரு செகண்டு, ஆறரை அடி பிலிம். உள்ள இருந்தே, அத அழிச்சிடு எமில்னா. வெளிச்சத்துல காட்டி அழிச்சிட்டேன்னு ராத்திரி சாப்பிடறப்போ சொன்னேன்.

ஆமா. பொய்தான்.

தொங்கின வாய் தலைகீழாப் பாத்தா சிரிக்கிற மாதிரிதான் தெரியும். அத நீங்க யோசிச்சிருக்க மாட்டீங்க. நானும் யோசிக்கல, லேப்ல பாக்குற வரைக்கும்.

கேரிகிட்ட எடுத்துடுன்னு ஏன் சொல்லலைன்னா... அவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். பிலடெல்பியாவுல இருந்து ஒருத்தர் அந்த ஒரு சீனப் பாத்துட்டுத்தான் படத்த வாங்கினாரு. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். வெர்னாவுக்குப் பேய்ப்படமே புடிக்காது, எங்க பாக்கப் போறான்னும் நினைச்சேன்.

எண்பத்திரெண்டு ஜூன்ல நம்ம ஊரு டிரைவ்-இன்ல, கார்ல உக்காந்தே படம் பாக்குற மைதானத்துல, போட்டோம். ஊரே வந்துச்சு. புருஷன் படம்னு அவளும் வந்தா. முகம் முக்காவாசி சரியாயிருந்துச்சு, தலையில ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்தா. தடுத்துப் பாத்தேன், கேக்கல. எல்லாரும் போறாங்க, நான் மட்டும் வீட்டுல என்ன பண்றதுன்னா. அந்தச் சீன் வந்துச்சு. அவ மெதுவா தலையச் சாய்க்கிறா. இன்னும் சாய்க்கிறா. என் தோள் மேல விழுற அளவுக்குச் சாய்ச்சுப் பாக்குறா. ஹவுஸ்கோட்டத்தான் முதல்ல கண்டுபிடிச்சிருப்பான்னு நினைக்கிறேன்.

அந்த நேரம் பாத்து ஹாரன் அடிக்க ஆரம்பிச்சாங்க. டிரைவ்-இன்ல அப்படித்தானே, பயந்தாலும் சந்தோஷம் வந்தாலும் ஹாரன்தான். முன்னூறு கார் தம்பி. முன்னூறும் அவ முகத்தப் பாத்து அடிக்குது. பக்கத்துக் கார்ல இருந்து ரே தலைய நீட்டி, எமில், என்ன விட அவதான்டா பூதம்னு கத்துறான். அவனுக்கு என்ன தெரியும் பாவம்.

அழிச்சிட்டேன்னு சொன்னியேன்னா. அவ்வளவுதான் கேட்டா. தப்பா மாட்டிட்டேன்னு சொன்னேன். சரின்னா. வீட்டுக்குப் போலாம்னா.

இல்ல, அதனாலதான் அவ என்ன விட்டுப் போனான்னு சொல்ல முடியாது. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தாளே. சமைச்சா, வேலைக்குப் போனா, என் சட்டைக்கு பட்டன் தைச்சா. என்னப் பாத்து பேசுறப்போ மட்டும் இடது பக்கம் தெரியாத மாதிரி உக்காருவா. முகம் முழுசா நல்லாயிட்ட பிறகும். எண்பத்திநாலுல எரிங்கிற ஊருக்கு, அவ அக்கா லொரைன்கிட்டப் போயிட்டா. அங்க ஒருத்தரக் கட்டிக்கிட்டா. ஹார்டுவேர் கடைக்காரரு. நல்ல மனுஷன்.

இப்ப கேளுங்க, டிவி எதுக்கு அப்படி இருக்குன்னு. கேசட்ட ஓட விட்டு ரீவைண்டு அமுக்கினா படம் பின்னால ஓடும்ல? டிவியையும் கவுத்து வச்சிட்டா எல்லாம் நேராயிரும். கதவு தொறக்கும். வெளிய வருவா. வெயில்ல நிப்பா. என்னப் பாப்பா. கைய நீட்டுவா. உள்ள போயிருவா. புகைதான், முகம் தெரியாது. இருந்தாலும் அவ நடை எனக்குத் தெரியுமே. அம்பது வயசுல ஒத்த ஆளா அந்த டிவியப் புரட்டினேன், ஒரு வாரம் இடுப்பு நிமிரல. காபி போட்டுட்டு வந்து உக்காந்தா... எத்தன தடவன்னு கணக்கெல்லாம் இல்ல.

ஒண்ணு புரிய எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு. ரீவைண்டு பண்றப்பல்லாம் அவ வேண்டாம்னு சொல்றதத்தான் நான் பாத்துக்கிட்டிருந்திருக்கேன்.

போன பிப்ரவரியில லொரைன் ஃபோன் பண்ணினா, வெர்னா போய்ச் சேந்துட்டான்னு. சடங்குக்கு எரி ஊருக்குப் போயிருந்தேன். வாசல்லயே ஒரு பலகையில போட்டோ எல்லாம் ஒட்டியிருந்தாங்க, சின்னப் பிள்ளையில இருந்து வரிசையா. அந்தக் கடைக்காரரு என் கையப் புடிச்சு, நீங்க வந்தது சந்தோஷம்னாரு. நான் எண்பத்தொண்ணத் தேடினேன். எண்பது கிறிஸ்துமஸ் இருக்கு, அடுத்தது எண்பத்திமூணு. நடுவுல ஒண்ணுகூட இல்ல. லொரைன் சொன்னா, அந்த ரெண்டு வருஷத்துப் போட்டோ ஒண்ணு விடாம அவளே கிழிச்சுட்டா, என் வீட்டு ஆல்பத்துல இருந்ததக்கூட வந்து எடுத்துட்டுப் போனான்னு.

மறுவாரம் நீங்க ஃபோன் பண்ணினீங்க. மயிர்க்கால் தெரியும்னு.

ஐயோ, நீங்க எதுக்குத் தம்பி மன்னிப்பு கேக்குறீங்க? பனியன எதுக்கு மறைக்கிறீங்க? குளிருது, ஜாக்கெட்டப் போட்டுக்கணும்னா போட்டுக்குங்க. சாப்பிடுங்க, ஆறிப் போச்சு பாருங்க.

சரி, நேரமாச்சு, உங்களுக்கு அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டணும். போறதுக்கு முன்னாடி ஒரு கை குடுங்க. இந்த டிவிய நேரா நிமித்தணும், இப்ப என்னால தனியா முடியாது. நீங்க அந்த ஓரம் புடிங்க. ஒயர் பாத்து. ஆங். மெதுவா... விட்டுறாதீங்க. அவ்வளவுதான்.

எட்டு டப்பாவும் எடுத்துக்குங்க. எல்லாத்துலயும் பேர், நம்பர், எத்தன அடின்னு புதுசா எழுதி ஒட்டியிருக்கேன், லேப்காரங்க குழம்ப மாட்டாங்க. ஏழாவதுல மட்டும் ஆறரை அடி குறையும் தம்பி. காலையில நான்தான் வெட்டி எடுத்து அடுப்புல போட்டேன்.