இரண்டாவது கறுப்பு

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். இது நம்ம ஜினிஷாவின் சித்தப்பா மகன் செல்வதாஸுக்கு நடந்தது.

சாயங்காலம் ஏழு மணி. பூதப்பாண்டிக்கு வெளியே கால்வாய்க்கரை ரோடு... ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். தவளைச் சத்தம் தவிர வேறொன்றும் கிடையாது. ரோட்டின் கடைசியில் ஒற்றையாக நிற்கிற வீடு அவனுடையது. மனைவி ஜெப்சி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் படம் வரவைக்கிற நிரல் ஒன்று உண்டு. கிராபிக்ஸ் டிரைவர் என்பார்கள். கம்ப்யூட்டரையே இயக்குகிற கெர்னலுக்குள்ளே, அடியாழத்தில் கிடக்கும். அதை எழுதிய ராஜகுமார் அவன் கூட்டாளி. போன மழைக்காலத்தில் பைக்கோடு அதே கால்வாயில் விழுந்து செத்துப்போனான். தூக்கக் கலக்கம் என்றார்கள். செத்தவன் விட்டுப்போன நிரலைச் சுத்தம் செய்கிற வேலை செல்வதாஸ் தலையில் விழுந்தது. வேண்டாததை எடுக்க வேண்டும். ஒன்றையே இரண்டு முறை சொல்லியிருந்தால் ஒன்றாக்க வேண்டும்.

அப்படி ஓர் இடம் வந்தது. படம் வருவதற்கு முன்னால் திரை முழுக்கக் கறுப்பு அடிக்கச் சொல்லியிருந்தான் ராஜகுமார். பழைய படத்தின் மிச்சம் தெரியாமலிருக்க அது வேண்டும்தான். ஆனால் அடித்த கையோடு மறுபடியும் ஒரு கறுப்பு... எதற்கு? செல்வதாஸுக்குப் பிடிபடவில்லை. அழித்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான்.

கண் சிமிட்டும் நேரம்தான். திரையில் ஒரு ரோடு.

மறுபடி போட்டு, போனில் படம் பிடித்து, நிறுத்திப் பார்த்தான். வாசலுக்கு வெளியே கிடக்கிற அதே கால்வாய்க்கரை. நடுவில் ஓர் ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு. சொட்டச் சொட்ட ஈரம். ராஜகுமார்தான் என்று நினைத்தான். பயத்தைவிட, பாவமாகத்தான் இருந்ததாம். "மக்கா..." என்று கூப்பிட்டும் விட்டான்.

பிறகுதான் புத்தி வந்து ஒயரைப் பிடுங்கினான். மின்சாரம் போனால் பழைய படம் எதுவும் உள்ளே தங்காது. அவன் தொழில் அது, தெரியாதா? டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து, திரும்பப் போட்டான்.

ரோடு இருந்தது. ஆள் இல்லை.

அறைக்குள் பாசி நாற்றம்... சேற்றைக் கிளறிவிட்ட மாதிரி. வெளியே தவளைச் சத்தம் நின்றிருந்தது. ராஜகுமாரின் மனைவி பிரிஜாவுக்கு போன் போட்டான். அந்த இரண்டாவது கறுப்பைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டான்.

"அண்ணே, அதத் தொடாதீங்க. உள்ள ஒரு ஆளப் பூட்டி வச்சிருக்கேன்னு அவிய சொல்லுவாவ."

"ஆரு?"

"தெரியாது. கூப்பிட்டாத்தான் திரும்புமாம். அவிய ஒருக்கா கூப்பிட்டுட்டாவ."

செல்வதாஸ் போனை வைத்தான். அழித்த வரியைத் திரும்ப எழுதினான். கம்ப்யூட்டரைப் போட்டான். சுத்தக் கறுப்பு. ரோடு தெரியவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் உறைத்தது... ஆள் வெளியே வந்த பிறகல்லவா பூட்டியிருக்கிறோம்.

கேட் சத்தம். ஜெப்சிதான், கூட்டம் முடிந்து வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"ஆரு வந்திருக்கா? உள்ள வந்த ஈரக்கால் தடம் கெடக்கு... வெளிய போனத காணல்லயே."

வீடு முழுக்கத் தேடினார்கள். யாரும் இல்லை. மறுநாள் போதகர் வந்து ஜெபித்தார். அவன் வேலையை விட்டான். வீட்டையும் விட்டுவிட்டுக் குழித்துறைக்குக் குடிபோனார்கள். அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. நாற்றம் இல்லை, தடம் இல்லை.

ஆனால் ஜெப்சி தினமும் காலையில் மெத்தையை மொட்டைமாடியில் காயப்போடுகிறாள். ஜினிஷா ஒருநாள் கூடப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாளாம். புருஷனும் பெண்டாட்டியும் படுக்கிற இடம் காய்ந்துதான் இருந்தது. நடுவில் மட்டும்... நீளமாக, ஓர் ஆள் அகலத்துக்கு ஈரம்.