உன் காருதான் பறக்குது

தண்ணி லாரி வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், கேளு செல்வி. கும்மிடிப்பூண்டி ரயில்ல எனக்கு எதுர்ல ரெண்டு கார் டிரைவருங்க குந்திகினு இருந்தானுங்க. எவனா இருந்தாலும் தன் வண்டியத்தான ஒசத்தியா பேசுவான்? இவனுங்க தலகீழா பேசுறானுங்கடி!

“உங்க மொதலாளியோட சேப்பு காரு நாலே செகண்டுல நூறத் தொடுது மச்சான். எங்க மஞ்சக் காருக்கு ஆறு செகண்டு ஆவுது.”

“சும்மா இர்றா. எங்களுது எடுக்கும்போதுதான் சீறும். நூத்தம்பது தாண்டிச்சின்னா உங்களுதுதான் பறக்கும்.”

எனக்கு சிரிப்பு தாங்கல, கைல இருந்த முருங்கக்கா கட்ட மூஞ்சிக்கு நேரா புட்ச்சிக்கினேன். ரெண்டு பேரு குந்துற வண்டிக்கு அம்மாம் வேகம் இன்னாத்துக்கு, சொல்லு? அப்பதான் மஞ்சக் காரு டிரைவரு சொன்னான்.

“ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு மெயின்ரோட்டுல ரேஸு வுடலாம்னு ரெண்டு மொதலாளியும் பேசிக்கினாங்கடா. நைட் ஷிப்டு முடிஞ்சி என் பொண்டாட்டி அந்நேரத்துக்குதான் அந்த ரோட்டத் தாண்டுவா. இதயே, நம்ம வண்டி தோத்துடும் சார்னு நீயும் உங்க மொதலாளிகிட்ட சொல்லு, நானும் எங்க மொதலாளிகிட்ட சொல்றேன். மானம் போய்டும்னு வுட்ருவாங்க.”

“நேத்தே சொல்லிட்டன்டா. ‘அப்ப இன்னும் அழுத்தி ஓட்டுறேன்’னு எங்க மொதலாளி சிரிக்கிறாரு.”

 முருங்கக்காவ மூஞ்சிலேர்ந்து எறக்கி மடில போட்டுகினேன்.

உன் பொண்ணுக்கும் அதே நைட் ஷிப்டுதான செல்வி, அவளும் அந்த ரோட்டத்தான தாண்டுவா? சனிக்கெழம ராத்திரி வேலைக்கு அனுப்பாத. லீவு போடச் சொல்லு. ஐய, தண்ணி லாரி வந்துட்ச்சி, கொடத்த எடு!